மீட்டர் அளக்கட்டும், வயலை நாம் பார்ப்போம்
(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



"உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது நம் பக்கத்துப் பழமொழி. லாப நட்டத்தை எண்ணிச் சோர்ந்து போகாதே என்பதற்காகச் சொன்னது அது. ஆனால் அதையே சாக்காக வைத்துக்கொண்டு ஒரு முக்கியமான கணக்கை நாம் பார்க்காமல் விட்டுவிட்டோம். விதைக்குக் கணக்கு வைத்திருக்கிறோம். உரத்துக்கு மூட்டைக் கணக்கு இருக்கிறது. நடவாளுக்குக் கூலிக் கணக்கு இருக்கிறது. பூச்சி மருந்துக்கு மட்டும், "ஒரு மூடி ஊத்துய்யா, புழு ஜாஸ்தியா இருந்தா ரெண்டு மூடி ஊத்து" என்பதுதான் கணக்கு. வயலின் எந்த மூலையில் எவ்வளவு மருந்து விழுந்தது என்று கேட்டால் அடித்தவருக்கும் தெரியாது, அடிக்கச் சொன்னவருக்கும் தெரியாது.

இந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்லும் மின்னணுக் கருவிகள் இப்போது நம் வயல் வரப்புக்கே வந்துவிட்டன. அவை எப்படி வேலை செய்கின்றன, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில், முதுகில் சுமக்கும் கைத்தெளிப்பானை எடுத்துக்கொள்வோம். ஒரு மருந்தின் சீட்டில் ஏக்கருக்கு 200 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில் கலந்து அடிக்கவும் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1 மில்லி வருகிறது. 16 லிட்டர் டேங்குக்கு 16 மில்லி. அப்படியானால் ஒரு ஏக்கருக்குப் பன்னிரண்டரை டேங்க் அடிக்க வேண்டும். நடப்பது என்ன? வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆள் வேகமாக நடக்கிறார். ஒரு டேங்க் 20 சென்டுக்கு வந்துவிடுகிறது. ஐந்து டேங்கில் ஏக்கர் முடிந்து போகிறது. டேங்குக்கு 16 மில்லி வீதம் ஐந்து டேங்குக்கு 80 மில்லிதான் வயலுக்குப் போயிருக்கிறது. 200 மில்லி போக வேண்டிய இடத்தில் 80 மில்லி! புழு சாகவில்லை என்றால் மருந்துக்கடைக்காரர் மேல் கோபம் வருகிறது. அடுத்த தடவை வேறு மருந்து, அதற்கடுத்த தடவை இரண்டு மருந்தைக் கலந்து ஒன்று என்று போகிறது. குறை மருந்தில் இருந்திருக்காது, நடையில் இருந்திருக்கும்.

இந்த நடையை அளக்க ஆள் இல்லாமல்தான் இவ்வளவு காலம் இருந்தோம். இப்போது மருந்தடிக்க ட்ரோன் வந்திருக்கிறது. நெல் வயலுக்கு மேலே ஆளில்லாமல் பறந்து மருந்தடிப்பது உலகத்துக்குப் புதிதல்ல. ஜப்பானில் 1980-களின் இறுதியிலேயே யமஹா நிறுவனத்தின் ஆளில்லா ஹெலிகாப்டர்கள் நெல்லுக்கு மருந்தடிக்க வந்துவிட்டன. நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வந்தன. அதே ஆண்டு டிசம்பரில், ட்ரோன் மூலம் மருந்து தெளிப்பதற்கான நடைமுறைகளை மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்டது. 2023 நவம்பரில், 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. விலையில் 80 விழுக்காடு, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம் என்பது அந்தத் திட்டம். இன்று பல ஊர்களில் ஏக்கருக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ட்ரோன் வந்து அடித்துவிட்டுப் போகிறது.

அந்த ட்ரோனுக்குள் மூன்று சிறிய கருவிகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது, நாமும் ஏமாற மாட்டோம்.

ஒன்று, மருந்து ஓட்டத்தை அளக்கும் மீட்டர். பெட்ரோல் பங்கில் எத்தனை லிட்டர் போட்டார்கள் என்று மீட்டர் காட்டுகிறதல்லவா, அதுபோல. குழாய்க்குள் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சக்கரம் இருக்கும். மருந்து ஓட ஓட அது சுற்றும். சக்கரத்தில் உள்ள காந்தம் கடந்து போகும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உள்ள உணர்வி ஒரு துடிப்பை அனுப்பும். ஒரு லிட்டருக்கு எத்தனை துடிப்பு என்று முன்கூட்டியே பதிந்து வைத்திருப்பார்கள். துடிப்பை எண்ணி லிட்டரைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, ஜி.பி.எஸ். நம் செல்போனில் வழி காட்டுவது இதுதான். ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சைகை கிடைத்தால், தான் இருக்கும் இடம், உயரம் இரண்டையும் கருவி கணக்கிட்டுக்கொள்ளும். சாதாரணக் கருவி சில மீட்டர் தப்பிப் போகலாம். வரப்போரத்தில் அந்தச் சில மீட்டர் பெரிய விஷயம். தரையில் இன்னொரு கருவியை நட்டு வைத்துத் திருத்தம் அனுப்பினால் சில சென்டிமீட்டருக்குள் துல்லியம் வந்துவிடும். உங்கள் ஊருக்கு வரும் ட்ரோனில் அந்தத் திருத்தக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவது, மூளை. இதைக் கட்டுப்பாட்டுக் கருவி என்கிறார்கள். இந்த இடத்தில், இந்த நேரத்தில், இவ்வளவு வேகத்தில், இவ்வளவு மருந்து என்று கணத்துக்குக் கணம் எழுதி வைத்துக்கொண்டே போகும். வேகம் குறைந்தால் மருந்தைக் குறைக்கும், கூடினால் கூட்டும். டேங்க் தீர்ந்தால் எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்பி வரும். மறுபடி நிரப்பினால் அதே இடத்திலிருந்து தொடங்கும். கடைசியில் உங்கள் வயலைப் படமாகப் போட்டு, மருந்து விழுந்த இடமெல்லாம் நிறம் தீட்டிக் காட்டும். இதைத்தான் தெளிப்பு வரைபடம் என்கிறோம்.

இதன் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு ட்ரோன் ஒரு தடவை போகையில் 4 மீட்டர் அகலத்துக்கு மருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் வினாடிக்கு 4 மீட்டர். அப்படியானால் வினாடிக்கு 16 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். நம் டெல்டாக் கணக்கில் மூன்று மா. 4,047-ஐ 16-ஆல் வகுத்தால் 253 வினாடி, நாலே கால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஏக்கருக்கு 10 லிட்டர் கலவை விழ வேண்டுமானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.4 லிட்டர் ஓட வேண்டும். திரும்பும் நேரம், நிரப்பும் நேரம், பேட்டரி மாற்றும் நேரம் எல்லாம் தனி.

இங்கேதான் ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். கைத்தெளிப்பானில் 200 லிட்டரில் கலந்த அதே 200 மில்லி மருந்து, ட்ரோனில் 10 லிட்டரில் கலக்கிறது. லிட்டருக்கு 1 மில்லியாக இருந்தது 20 மில்லியாகிறது. இருபது மடங்கு கெட்டி! ஆகவே ட்ரோனுக்குக் கலந்து மிஞ்சிய கலவையை, "வீணாப் போகுதே" என்று கைத்தெளிப்பானில் ஊற்றி அடிக்கவே கூடாது. அடிக்கிறவரின் உயிருக்கு அது கேடு. அதேபோல ட்ரோன் ஒரே இடத்தில் இரண்டு தடவை போனால் பயிர் கருகும். காற்றில் விலகினால் பக்கத்து வயல் வெற்றிலைக்கோ, மல்பெரிக்கோ, மீன் குட்டைக்கோ கெட்டியான மருந்து போய்ச் சேரும். எல்லா மருந்தையும் ட்ரோனில் அடிக்கலாம் என்பதும் கிடையாது. அதற்கென அனுமதிக்கப்பட்ட மருந்துகளையே அடிக்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் வேளாண் அலுவலரைக் கேளுங்கள்.

இனி, வரைபடத்தால் என்ன பயன் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெரியவருக்கு ஆறு ஏக்கர் சம்பா. ஆறு ஏக்கருக்கும் வாடகை கேட்டார்கள். அவர் படத்தைக் காட்டச் சொன்னார். படத்தில் 5 ஏக்கர் 20 சென்டுக்குத்தான் நிறம் இருந்தது. மேலே மின்கம்பி போகும் இடமும், தென்னை வரிசையை ஒட்டிய இடமுமாக 80 சென்டை ட்ரோன் தொடாமல் விட்டிருந்தது. அப்படி விட்டது தப்பில்லை, கம்பிக்குக் கிட்டே பறக்கவும் கூடாது. ஆனால் விட்டதைச் சொல்லியிருக்க வேண்டும். பெரியவர் வாடகையைக் குறைத்ததோடு நிற்கவில்லை. அன்று சாயங்காலமே அந்த 80 சென்டுக்கும் கைத்தெளிப்பானால் முறைப்படி மருந்தடித்துவிட்டார். "படத்தைப் பாக்காம விட்டிருந்தா, பூச்சி அங்க குடியேறி மத்த எடத்துக்கும் வந்திருக்கும் சார்" என்றார். சரியாகச் சொன்னார்.

அடுத்தது, நான் தலைகுனிந்த கதை. அதையும் மறைக்காமல் சொல்வதுதான் முறை.

2023-ஆம் ஆண்டு சம்பாவில், குத்தகைக்குச் சாகுபடி செய்யும் ஒரு தம்பி கதிர் வெளிவரும் சமயத்தில் குலைநோய்க்கு ட்ரோன் மூலம் பூஞ்சாண மருந்து அடித்தார். பத்து மா நிலம். நான் வரப்பில் நின்றேன். அடித்து முடித்ததும் செல்போனில் படத்தைக் காட்டினார்கள். வயல் முழுக்க ஒரே பச்சை. ஓர் இடம்கூட விடவில்லை. லிட்டர் கணக்கும் சரி. "நல்லா அடிச்சிருக்காங்க, கவலையில்லாம இருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், வயலில் கோடு போட்டாற்போலப் பட்டை பட்டையாகக் கழுத்துக் குலைநோய். நாலு மீட்டர் அகலத்துக்கு நல்ல கதிர், அடுத்த நாலு மீட்டரில் கழுத்து கறுத்துச் சாவிக் கதிர். மறுபடி நல்ல கதிர், மறுபடி சாவி. நோய் தானாக வந்தால் இப்படிக் கோடு போட்டு வராது. இது தெளிப்பில் வந்த கோளாறு.

ட்ரோனைக் கழற்றிப் பார்த்தோம். வலப் பக்க நாசில்களுக்குப் போகும் குழாயில் உள்ள வடிகட்டியில் மருந்துக் கசடு இறுகிக் கிடந்தது. வலப் பக்கம் மருந்து சரியாகப் போகவில்லை. போக வேண்டிய மருந்தெல்லாம் இடப் பக்கமாகவே கொட்டியிருக்கிறது. ட்ரோன் போகும்போது ஒரு வலம், திரும்பி வரும்போது பக்கத்திலேயே இன்னொரு வலம். இரண்டும் சேர்ந்து ஒரு பட்டை ஆகிவிட்டது. அந்த ட்ரோனில் இருந்தது ஒரே மீட்டர். இரண்டு பக்கமும் பிரிவதற்கு முன்னால் மொத்தமாக எவ்வளவு ஓடுகிறது என்றுதான் அது அளக்கும். மொத்தம் சரியாக இருந்ததால் படத்தில் பச்சை தீட்டிவிட்டது. மீட்டர் பொய் சொல்லவில்லை. நான்தான் அதனிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

ஏக்கருக்கு ஏழெட்டு மூட்டை அந்தத் தம்பிக்குக் குறைந்தது. குத்தகை நெல்லை அளந்துவிட்டு மிஞ்சியதில்தான் அவர் வீட்டுச் சாப்பாடும் கடனும். ட்ரோன் ஓட்டிய மகளிர் குழுவினர் நேர்மையானவர்கள். தப்பை ஒப்புக்கொண்டு வாடகையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் போன நெல் வருமா? "நீங்க சொன்னீங்கன்னு நம்பினேன் சார்" என்று அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அதற்குப் பிறகு, படத்தை மட்டும் பார்த்து நான் யாருக்கும் நல்ல வார்த்தை சொல்வதில்லை.

அன்றிலிருந்து அந்தக் குழுவினர் செய்யும் சோதனையை உங்களுக்கும் சொல்கிறேன். ட்ரோன் ஊருக்கு வந்ததும் முதலில் டேங்கையும் குழாயையும் நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். பிறகு இந்த மூன்றையும் செய்யச் சொல்லுங்கள்.

முதலாவது, பாத்திரச் சோதனை. இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு, டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு நாசிலுக்குக் கீழும் ஒரு பாத்திரம் வைத்து, ஒரு நிமிடம் பம்பை மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாத்திரத்தையும் அளந்து பாருங்கள். எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு இருக்க வேண்டும். சராசரியைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த நாசிலையும் வடிகட்டியையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், தேவையானால் மாற்ற வேண்டும். எல்லாப் பாத்திரத்தையும் கூட்டினால் வரும் லிட்டரும் மீட்டர் காட்டும் லிட்டரும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மீட்டரைச் சரிப்படுத்திய பிறகே மருந்தை ஊற்ற வேண்டும்.

இரண்டாவது, களத்துச் சோதனை. நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தின் மேல், வயலில் பறக்கப்போகும் அதே உயரத்தில், அதே வேகத்தில், வெறும் தண்ணீரோடு ஒரு தடவை பறக்கவிடுங்கள். களம் நனையும் பட்டையைப் பாருங்கள். ஒரு பக்கம் நனைந்து ஒரு பக்கம் காய்ந்திருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். பட்டையின் அகலத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். நான்கு மீட்டர் என்று சொல்லி மூன்று மீட்டர்தான் நனைகிறது என்றால், இரண்டு ஓட்டத்துக்கு நடுவே ஒரு மீட்டர் மருந்தில்லாமல் போகும். அதையும் மீட்டர் சொல்லாது.

மூன்றாவது, காற்று. வரப்பில் நின்று ஒரு பிடி உமியைத் தூவிப் பாருங்கள். அது தூரமாகப் பறந்து போனால் அன்று அடிக்காதீர்கள். மருந்து எங்கே கிளம்பியது என்று படம் காட்டும், எங்கே போய் விழுந்தது என்று காட்டாது. பக்கத்து வயல்காரரிடமும், தேனீப் பெட்டி வைத்திருப்பவரிடமும், மீன் வளர்ப்பவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து மருந்தடித்து முடித்த பிறகு, வரைபடத்தை உங்கள் செல்போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தவர் நீங்கள், உங்கள் வயலின் படம் உங்கள் கையில் இருக்க வேண்டும். தேதி, நேரம், அடித்த பரப்பு, மருந்தின் பெயர், மொத்த லிட்டர், பறந்த உயரம், வேகம் இவையும் அதோடு இருக்கட்டும். செல்போன் இல்லாதவர்கள் இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஓட்டியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் மருந்தை நிறுத்தினோம் என்று பார்க்கவும், பக்கத்துக்காரரோடு சச்சரவு வந்தால் காட்டவும், அடுத்த போகத்தில் எந்த மூலையில் நோய் முதலில் வந்தது என்று ஒப்பிடவும் அது உதவும்.

"ட்ரோன் எங்க ஊருக்கு வரல சார், நாங்க என்ன செய்யறது?" என்று கேட்பீர்கள். உங்கள் கைத்தெளிப்பானுக்கும் மீட்டர் வைக்கலாம், காசே செலவில்லை. டேங்கில் 16 லிட்டர் வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மருந்தடிக்கிற அதே நடையில் வயலில் அடித்துப் போங்கள். தண்ணீர் தீர்ந்த இடத்தில் ஒரு குச்சி நடுங்கள். எத்தனை சென்ட் வந்தது என்று அளந்தால், ஏக்கருக்கு எத்தனை டேங்க் என்பது தெரிந்துவிடும். 20 சென்ட் என்றால் 5 டேங்க். 10 சென்ட் என்றால் 10 டேங்க். அந்தக் கணக்கோடு வேளாண் அலுவலரிடம் வந்தால், நடையை எவ்வளவு குறைப்பது, டேங்குக்கு எத்தனை மில்லி ஊற்றுவது என்று சரியாகச் சொல்லிவிடலாம். மருந்தடிக்கும்போது டேங்க் தீர்ந்த இடத்திலெல்லாம் வரப்பில் ஒரு குச்சி நடுங்கள். அந்தக் குச்சி வரிசைதான் உங்கள் வரைபடம்.

விவசாயப் பெருமக்களே, 1960-களில் ஏ.டி.டி. 27 என்ற நெல் தஞ்சைப் பகுதியில் வானொலி வழியாகப் பரவி, 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அன்று அவர்கள் காதால் கேட்டதோடு விட்டுவிடவில்லை, வயலில் போட்டுப் பார்த்தார்கள். இந்த மீட்டரையும் படத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கேளுங்கள், சோதித்துப் பாருங்கள், பிறகு நம்புங்கள். மருந்தடித்து ஒரு வாரம் கழித்து வரப்பில் மட்டும் நின்றுவிடாமல், வயலுக்குள் குறுக்கே இறங்கி நடந்து, நாலு இடத்தில் தூரைப் பிரித்துப் பாருங்கள். நான் அன்று அப்படி நடந்து பார்த்திருந்தால், அந்தத் தம்பியின் சாவிப் பட்டையைப் பாதியிலேயே தடுத்திருக்கலாம்.

மீட்டர் லிட்டரை அளக்கும். பயிரைப் பார்ப்பது நம் கண்ணும் காலும்தான்.